எல்லைக் கல்லுக்கு இப்பாலும் அப்பாலும்

கும்மிடிப்பூண்டியிலிருந்து வடக்கே போகும் ரயிலில் எளாவூர், ஆரம்பாக்கம் ஸ்டேஷன்களைத் தாண்டினால் அடுத்தது தடா. ஆரம்பாக்கம் தமிழ்நாடு, தடா ஆந்திரம். இரண்டுக்கும் நடுவே மலையும் இல்லை, பெரிய ஆறும் இல்லை. அதே உவர் மண், அதே சவுக்குத் தோப்பு, கிழக்கே அதே பழவேற்காட்டு ஏரி. ஸ்டேஷன் பலகையில் எழுத்து மாத்திரம் மாறுகிறது. விடியற்கால ஷிப்டுக்குப் போகும் தொழிலாளிகள் இந்தக் கோட்டை இரண்டு பக்கமிருந்தும் கடக்கிறார்கள். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வருகிறவர் உண்டு. இங்கிருந்து சத்தியவேட்டுப் பக்கத்திலுள்ள ஸ்ரீசிட்டிக்குப் போகிறவரும் உண்டு. சோற்று டப்பாவைத் திறந்தால் குழம்பில் மிளகாய் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். அவ்வளவுதான்.

ஆனால் டீக்கடைப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால், ஏதோ இரண்டு கண்டங்கள் முட்டிக்கொள்ளும் இடத்தில் நிற்கிறோமோ என்று தோன்றும். "தெலுங்கன் கையில் காசு தங்காது. பண்டிகைக்கும் சினிமாவுக்கும் விட்டுவிட்டுப் பத்தாந்தேதி கடனுக்கு வந்து நிற்பான்" என்பார் இந்தப் பக்கத்தவர். "அரவவாடு கஞ்சன். எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவான். தன் பாஷையைத் தவிர உலகத்தில் வேறு பாஷை உண்டென்றே ஒப்பமாட்டான்" என்பார் அந்தப் பக்கத்தவர். அவர்களுக்கு இங்கே ஒரு பட்டப்பெயர். நமக்கு அங்கே ஒரு பட்டப்பெயர். இரண்டும் மரியாதையான பெயர்களல்ல. இப்படிப் பேசுகிறவர்களில் பள்ளிப்பட்டிலும் ஊத்துக்கோட்டையிலும் தலைமுறை தலைமுறையாக வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசி வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று யோசித்தவர் குறைவு. நகரியிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் கஞ்சர்களா, ஊதாரிகளா?

வித்தியாசமே இல்லை என்று சாதிக்க நாம் வரவில்லை. மொழி வேறு, எழுத்து வேறு, பாட்டும் கூத்தும் வேறு. அவர்களுக்கு யுகாதியில் வருஷம் பிறக்கிறது, நமக்குச் சித்திரையில். ஆனால் இரண்டு இலையிலும் வேப்பம்பூவும் மாங்காயும் விழுகின்றன. மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டுவது இரு பக்கமும் பழைய வழக்கம். (வட இந்தியத் தோழர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பதும் இரு பக்கத்தவருக்கும் பழக்கமானதே.) ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் கூட்டத்தில் எவர் எந்த ராஜ்யம் என்று பிரித்தெடுக்க யாராலும் ஆகாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூலிக்குத் தமிழில் கூலி என்றுதான் பெயர், தெலுங்கிலும் கூலிதான். வட்டி அங்கே "வட்டீ" என்று கொஞ்சம் அழுத்தமாக ஒலிக்கிறது. உழைக்கிறவனை அன்றாடம் தொடுகிற இரண்டு சொற்களிலும் இரு மொழிகளும் இவ்வளவு நெருங்கி நிற்கின்றன.

கோடு போட்ட கதை

இந்த எல்லை ஆதிகாலத்திலிருந்து இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். 1953-ம் வருஷம் வரை இரு பக்கமும் சென்னை ராஜ்யம் என்ற ஒரே கூரையின் கீழ் இருந்தன. 1911-ல் சித்தூர் ஜில்லா உண்டாக்கப்பட்டபோது திருத்தணியை அதில் சேர்த்தார்கள். தெலுங்கு மக்கள் தங்கள் மொழியில் நிர்வாகம் வேண்டுமென்று நெடுங்காலம் போராடினார்கள். 1952 அக்டோபர் 19-ந் தேதி சென்னையில் உண்ணாவிரதம் தொடங்கிய பொட்டி ஸ்ரீராமுலு டிசம்பர் 15-ந் தேதி உயிர் நீத்தார். 1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தது. "மதராஸ் மனதே" என்ற கோஷம் அங்கே எழுந்தது. இங்கே ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் திருத்தணிக்காகவும் திருப்பதிக்காகவும் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தியது.

மொழிவழி ராஜ்யம் நியாயமான கோரிக்கை. ஏழை விவசாயி தன் வழக்கைத் தனக்குத் தெரிந்த பாஷையில் சொல்ல வழியில்லாத கோர்ட்டு அவனுக்குக் கோர்ட்டே இல்லை. பட்டாவைத் தானே படித்துப் பார்க்க முடியாதவன் தாலூகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கு அடிமை. அந்த அளவில் கோடு அவசியமாயிற்று. படாஸ்கர் கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மை மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் பார்த்துத் தீர்ப்பளித்தார். அதையொட்டி வந்த சட்டப்படி 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி இங்கே வந்தது. திருவள்ளூர், பொன்னேரி தாலூகாக்களிலிருந்து ஏறக்குறைய 150 கிராமங்கள் அங்கே போயின. அவற்றோடு புத்தூர் தாலூகாவின் சில கிராமங்களையும் சேர்த்துத்தான் சத்தியவேடு தாலூகா உண்டாயிற்று.

ஆக, 1960 மார்ச் 31-ந் தேதி இரவு செங்கல்பட்டு ஜில்லாவில் பாய் விரித்துப் படுத்த விவசாயி, மறுநாள் காலை சித்தூர் ஜில்லாவில் கண் விழித்தான். அந்த ஒரே இரவில் அவன் சிக்கனம் ஊதாரித்தனமாகிவிட்டதா? அதே இரவில் திருத்தணிக்காரன் ஊதாரியாகப் படுத்துச் சிக்கனக்காரனாக எழுந்தானா? சுபாவம் என்பது சர்க்கார் கெஜட்டில் அச்சாகி வருகிற சரக்கல்ல.

கெஜட்டில் அச்சாகி வருகிற வேறு சரக்கு உண்டு. அதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்வோம். 2025-26-ம் வருஷத்துக்கு அத்திட்டத்தில் அறிவித்த நாள் கூலி தமிழ்நாட்டில் 336 ரூபாய், ஆந்திரத்தில் 307 ரூபாய். எல்லைக்கு இப்பால் ஓர் ஏரியில் மண் வெட்டுகிற பெண்ணுக்கும், அப்பால் இன்னோர் ஏரியில் மண் வெட்டுகிற பெண்ணுக்கும் 29 ரூபாய் வித்தியாசம். வெயில் ஒன்று, மண்வெட்டி ஒன்று, இடுப்பு வலியும் ஒன்று. இந்த 29 ரூபாயைத் தெலுங்குக் கலாச்சாரம் என்பதா, தமிழ்ப் பண்பாடு என்பதா? இரண்டு கூலியையும் நிர்ணயித்தது டில்லி.

ரேஷன் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. தமிழ்நாட்டில் வருமானம் பார்த்து ஜனங்களைக் கழித்துக்கட்டாமல் பொது விநியோகம் நடக்கிறது. 2011 ஜூன் முதல் அரிசிக்கு விலையும் இல்லை. ஆந்திரத்தில் 1983-ல் என்.டி.ராமராவ் கிலோ 2 ரூபாய் அரிசி தந்து நாட்டுக்கே வழி காட்டினார். ஆனால் அங்கே வருமான வரம்பு பார்த்துத்தான் கார்டு. விளைவு என்ன? இங்கே கடையில் விலையின்றிப் போட்ட அரிசி, ரயிலிலும் லாரியிலும் எல்லை தாண்டுகிறது. ஆலையில் தீட்டிப் புதுப் பை மாற்றினால் அதற்கு வேறு பெயர், வேறு விலை. எளாவூர்ச் சோதனைச் சாவடியைச் சுற்றி நடக்கும் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, "அவர்கள் வாங்குகிறவர்கள், நம்மவர்கள் விற்கிறவர்கள், இருவர் புத்தியும் அப்படித்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ரயிலில் சீட்டுக்கு அடியில் பத்துக் கிலோ பையைத் தள்ளிவிட்டு நடுங்கி உட்கார்ந்திருக்கும் கிழவி பிடிபடுகிறாள். லாரிக்காரனும் ஆலைக்காரனும் எந்த மொழி பேசினாலும் அகப்படுவது அபூர்வம். அவர்களுக்குள் பாஷைச் சண்டை வந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

குடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ஆந்திராக்காரன் குடிகாரன்" என்று சொல்பவர், டாஸ்மாக் கடை முன் சனிக்கிழமை இரவு நிற்கும் கூட்டத்துக்கு என்ன பெயர் வைப்பார் என்பது ஒருபுறமிருக்கட்டும். பக்கத்து நெல்லூர் ஜில்லாவில் துபகுண்ட என்ற கிராமம் இருக்கிறது. அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய அந்தக் கிராமத்துக் கூலிப் பெண்கள் சாராயக் கடையை எதிர்த்துக் கிளம்பினார்கள். 1992-ல் அது ஜில்லா முழுவதும், பிறகு ராஜ்யம் முழுவதும் பரவியது. 1993 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர சர்க்கார் சாராயத்தைத் தடை செய்ய நேர்ந்தது. 1995-ல் முழு மதுவிலக்கும் வந்தது. 1997-ல் வருமானம் போகிறதென்று எடுத்துவிட்டார்கள். எடுத்தது சர்க்கார். பெண்கள் கேட்டு எடுக்கவில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு பகல் பிரயாணத்தில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் நடந்த இந்தப் போராட்டம், நம்மூர்ப் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சினிமா நடிகரின் கட்-அவுட்டுக்கு அங்கே பாலூற்றியது மாத்திரம் மறுநாளே தெரிந்துவிடுகிறது.

நதிக்கு அக்கரையில் விண்ட்ஸர்

பக்கத்துப் பக்கத்தில் வாழும் இரு மக்களைப் பற்றி இப்படிக் கதை கட்டுவது நமக்கு மாத்திரம் உள்ள வியாதி அல்ல. கனடாவையும் அமெரிக்காவையும் பாருங்கள். கனடா என்ற பெயர் கும்மிடிப்பூண்டிக்குப் புதிதும் அல்ல. இங்குள்ள இலங்கை அகதிகள் முகாமில் டொரண்டோவில் சொந்தபந்தம் உள்ள குடும்பங்கள் உண்டு. அந்த இரண்டு நாடுகளையும் பற்றி உலகமெங்கும் ஒரே கதை ஓடுகிறது. கனடாக்காரன் சாது, காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்பான், சர்க்காரை நம்புவான். அமெரிக்கன் உரக்கப் பேசுவான், துப்பாக்கி வைத்திருப்பான், யாரையும் நம்பமாட்டான், தன் கையையே நம்புவான். ஆகவே கனடாவில் இலவச வைத்தியம் இருக்கிறது, அமெரிக்காவில் இல்லை என்று காரணம் காட்டுகிறார்கள். வைத்தியம் சுபாவத்திலிருந்து முளைத்ததாம்!

நடந்தது வேறு. கனடாவில் கோதுமை விளையும் சஸ்காட்சவன் மாகாணத்தில் 1944-ல் விவசாயிகளும் தொழிலாளிகளும் சேர்ந்து டாமி டக்ளஸ் தலைமையில் ஒரு சர்க்காரைக் கொண்டுவந்தார்கள். அங்கே 1962 ஜூலை 1-ந் தேதி எல்லோருக்கும் வைத்தியம் என்ற சட்டம் அமலுக்கு வந்தது. அன்றைக்கே டாக்டர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். 23 நாள் நடந்தது. சாதுவான நாட்டில் டாக்டர்கள் ஜனங்களுக்கு எதிராகச் செய்த வேலை நிறுத்தம் அது! சர்க்கார் அசையவில்லை; திட்டம் நின்றது; 1966-ல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. இதே கோதுமை வயல் கோட்டுக்குத் தெற்கே அமெரிக்காவின் வடக்கு டகோடாவிலும் தொடர்கிறது. தன் கையையே நம்புகிறவன் என்று சொல்லப்படும் அந்த அமெரிக்க விவசாயி, ரயில்வே கம்பெனியும் தானிய வியாபாரிகளும் அடித்த கொள்ளை பொறுக்காமல் 1915-ல் சங்கம் கட்டினான். 1919-ல் தன் மாகாணத்துக்கென்று ஒரு சர்க்கார் பாங்கியே நிறுவினான். அது இன்றும் நடக்கிறது. அவனுடைய சுபாவம் அப்போது எங்கே போயிற்று?

ஆலைத் தொழிலாளிகள் கவனிக்க வேண்டியது டெட்ராய்ட், விண்ட்ஸர் என்ற இரண்டு ஊர்களை. நடுவே ஒரு நதி. இக்கரை டெட்ராய்ட் அமெரிக்கா, அக்கரை விண்ட்ஸர் கனடா. இரண்டிலும் போர்டு மோட்டார் தொழிற்சாலை. இரண்டிலும் அப்போது ஒரே மோட்டார்த் தொழிலாளர் சங்கம். 1945 செப்டம்பர் 12-ந் தேதி விண்ட்ஸரில் வேலை நிறுத்தம் தொடங்கியது. 99 நாள் நீடித்தது. போலீசைத் தடுக்கத் தொழிலாளிகள் கார்களைக் கொண்டுவந்து நடுத்தெருவில் நிறுத்தி அடைத்தார்கள். முடிவில் நீதிபதி ராண்ட் 1946 ஜனவரியில் ஒரு தீர்ப்புச் சொன்னார்: சங்கம் வாங்கித் தரும் கூலி உயர்வை அனுபவிக்கிறவன், சங்கத்தில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் சந்தா கொடுத்தாக வேண்டும், கம்பெனியே அதைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாடு கனடாவில் நிலைத்தது.

அடுத்த வருஷமே அமெரிக்காவில் நேர் எதிர் காரியம் நடந்தது. 1947-ல் டாப்ட்-ஹார்ட்லி சட்டம் வந்தது. ஜனாதிபதி ட்ரூமன் மறுத்தும் காங்கிரஸ் சபை அதை நிறைவேற்றியது. சங்கச் சந்தாவைக் கட்டாயமாக்கும் ஒப்பந்தங்களைத் தடை செய்ய மாகாணங்களுக்கு அது அனுமதி தந்தது. முதலாளிகள் சங்கமில்லாத மாகாணங்களைத் தேடித் தெற்கே நகர்ந்தார்கள். டெட்ராய்ட் உள்ள மிச்சிகன் மாகாணத்திலேயே 2012-ல் அந்தத் தடையைக் கொண்டுவந்தார்கள். 2023-ல்தான் அதை ரத்து செய்ய முடிந்தது.

1950-களின் நடுவில் இரு நாடுகளிலும் கூலி பெறுவோரில் ஏறக்குறைய மூன்றிலொருவர் சங்கத்தில் இருந்தார்கள். இப்போது கனடாவில் 100-க்கு 30 பேர் அளவில் சங்கப் பாதுகாப்பில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 100-க்கு 10 பேர் அளவில்தான். எழுபது வருஷத்துக்கு முன் சமமாக இருந்தவர்கள் இப்படிப் பிரிந்ததற்குச் சுபாவம் காரணமென்றால், அந்தச் சுபாவம் அதுவரை எங்கே தூங்கிக்கொண்டிருந்தது? அமெரிக்காவில் 2023-ம் வருஷம் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் வைத்தியக் காப்பு ஏதுமின்றி இருந்தார்கள். பிரசவத்துக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்கும் தேசியச் சட்டம் அங்கே இல்லை. 1993-ம் வருஷச் சட்டம் தருவது 12 வாரம் சம்பளமில்லாத லீவு. இந்தியாவில் 2017 முதல் 26 வாரம், சம்பளத்தோடு. அமெரிக்கத் தாய்க்குப் பிள்ளைப் பாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

கனடாவைச் சொர்க்கம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1914-ல் கோமகட்டா மாரு கப்பலில் வான்கூவர் துறைமுகம் போன 376 இந்தியர்களில் மிகச் சிலரைத் தவிர மற்றவரை இறங்க விடாமல் இரண்டு மாதம் கடலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியது அதே சாது நாடு. 1986-ல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 இலங்கைத் தமிழரை மீனவர்கள் கரை சேர்த்தார்கள். 2010-ல் சன் ஸீ கப்பலில் 492 தமிழர் வந்து சேர்ந்தபோது, அதே நாட்டு சர்க்கார் அவர்களைக் காவலில் அடைத்தது. மீனவனின் கை ஒருவிதம், சர்க்காரின் கை ஒருவிதம். இரண்டுக்கும் சேர்த்து "கனடாக்காரன் குணம்" என்று ஒரே முத்திரை குத்தினால் அந்த மீனவனுக்குத்தான் அநியாயம்.

பேச்சினால் லாபம் அடைகிறவர் யார்?

இனி நம் கேட்டுக்குத் திரும்புவோம். கூலி உயர்வு கேட்டால் இங்கே காதில் விழும் பதில் ஒன்றுதான்: "இப்படித் தகராறு செய்தால் ஆந்திராவுக்குப் போய்விடுவோம். அங்கே நிலம் மலிவு, ஆள் பணிவு." எல்லைக்கு அப்பால் நிரந்தர வேலை கேட்கிறவனுக்குச் சொல்லப்படுவது: "தமிழ்நாட்டிலிருந்து வரத் தயாராக ஆயிரம் பேர் நிற்கிறார்கள்." அங்கே பணிவானவன் என்று புகழப்படுகிறவனையே இங்கே வேலைக்கு வந்தால் "நம்ப முடியாதவன்" என்கிறார்கள். தொழிலாளியின் குணம் எல்லைக் கல்லைத் தாண்டியதும் தலைகீழாகிறது. மாறாமல் இருப்பது அவன் கையெழுத்துப் போடும் கண்ட்ராக்ட் சீட்டு ஒன்றே. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதை நம் பாட்டிகளே சொல்லிவிட்டார்கள்.

இப்போது மூன்றாவது பாத்திரம் ஒன்றும் மேடைக்கு வந்திருக்கிறது. கும்மிடிப்பூண்டியின் இரும்பு உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும், திருவள்ளூர்ச் செங்கல் சூளைகளிலும் பீஹார், ஒடிசாத் தொழிலாளிகள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். "வடக்கத்தியான் இயல்பிலேயே அடங்கியவன், பன்னிரண்டு மணி நேரமும் வாய் திறக்கமாட்டான்" என்று மேஸ்திரிகள் மெச்சுகிறார்கள். நம் தொழிலாளிகளிலும் சிலர் அதை நம்பி அவன்மேல் எரிந்து விழுகிறார்கள். 1917-ல் சம்பாரணில் அவுரித் தோட்ட வெள்ளைக்காரனை எதிர்த்து நின்றவன் பீஹார் விவசாயி. 1929-ல் சுவாமி சகஜானந்த சரஸ்வதி தலைமையில் கிசான் சபை கட்டி ஜமீன்தாரை அதிர வைத்தவனும் அவனே. அவன் பேரன் இங்கே வாய் திறக்காமல் இருப்பதற்கு ரத்தத்தில் காரணம் தேட வேண்டியதில்லை. ஊரில் வாங்கிய முன்பணம், கண்ட்ராக்டர் கையிலுள்ள தங்கும் கொட்டகை, சூப்பர்வைசர் பேசும் பாஷை புரியாமை, காயம் பட்டால் எங்கே போவதென்று தெரியாமை ஆகியவை வாயை அடைக்கின்றன. இந்த நான்கையும் ஒரு தமிழன் மேல் சுமத்திப் பாருங்கள். அவனும் இயல்பிலேயே அடங்கியவன் ஆகிவிடுவான். அரிசி ஆலைகளிலும் சூளைகளிலும் கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்ட இருளர்கள் நம் ஜில்லாவின் சொந்த ஜனங்கள்தானே? 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தும் அவர்கள் வாய் திறக்க எத்தனை காலம் ஆயிற்று!

சென்னைத் தொழிலாளிக்கு இந்தப் பாடம் நூறு வருஷத்துக்கு முன்பே கிடைத்தது. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1921-ல் பின்னி நிர்வாகத்தின் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைகளில் பெரிய வேலை நிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளிகளை வேலைக்கு இழுத்துச் சாதியைக் கொண்டு சங்கத்தைப் பிளந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. அக்டோபரில் வேலை நிறுத்தம் தோற்றது. குற்றம் நிர்வாகத்தோடும் வெள்ளை சர்க்காரோடும் முடியவில்லை. ஆலைக்குள் பக்கத்துத் தறியில் நின்றவனை ஆலைக்கு வெளியே சேரியில் ஒதுக்கி வைத்திருந்தவர்கள் திடீரென்று ஒற்றுமைக்கு அழைத்தார்கள். அவன் எந்த நம்பிக்கையில் வருவான்? "அந்தச் சாதிக்காரன் துரோகி" என்று அன்றைக்குச் சொன்னவர்களும் சுபாவக் கதைதான் சொன்னார்கள்.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கும் 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்துவிட்டன. வெளி ராஜ்யத் தொழிலாளிகளுக்கென்று 1979-ல் வந்த தனிச் சட்டம் அவற்றுள் கரைக்கப்பட்டுவிட்டது. கூலிச் சட்டத் தொகுப்பில் மத்திய சர்க்கார் அடிமட்டக் கூலி நிர்ணயிக்க வேண்டும் என்று இருக்கிறது. கூடவே, வெவ்வேறு பிரதேசங்களுக்கு வெவ்வேறு அடிமட்டம் வைக்கலாம் என்றும் இருக்கிறது. 336-ம் 307-ம் எப்படிப் பிறந்தனவோ அப்படி ஆரம்பாக்கத்துக்கு ஒன்றும் தடாவுக்கு ஒன்றுமாக இன்னும் பல எண்கள் பிறக்க அதில் இடம் இருக்கிறது. அதிகக் கூலியைக் காட்டி இங்கே பயமுறுத்துவார்கள். குறைந்த கூலியைக் காட்டி அங்கே முதலாளியை அழைப்பார்கள்.

ஆகையால் எல்லைப்புறத்துச் சங்கங்கள் உடனே செய்யக்கூடிய சில வேலைகள் உள்ளன. முதலாவது, கூலிப் பட்டியல். சிப்காட்டில் ஒரு ஹெல்ப்பருக்கு, ஒரு வெல்டருக்கு, ஒரு பெண் பாக்கிங் தொழிலாளிக்கு என்ன கொடுக்கிறார்கள், எவ்வளவு பிடிக்கிறார்கள், ஸ்ரீசிட்டியில் அதே வேலைக்கு என்ன என்பதைச் சம்பளச் சீட்டுகளைப் பார்த்து எழுதி, தமிழிலும் தெலுங்கிலும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து இரண்டு கேட்டுகளிலும் கொடுக்க வேண்டும். "அங்கே ஆள் மலிவு" என்ற மிரட்டலுக்கு உண்மையான எண்ணைவிட நல்ல பதில் கிடையாது. ஊத்துக்கோட்டை, சத்தியவேடு வட்டாரத்தில் நடவுக்கும் வேர்க்கடலை பிடுங்கவும் எல்லை தாண்டிப் போகும் கூலி விவசாயிகளும் இதைச் செய்யலாம். நடவுக் கூலியை இரு பக்கத்து ஊர்களும் ஒரே நாளில் பேசி முடிவு செய்தால், ஒரு பக்கத்து ஆளைக் கொண்டு மறுபக்கத்து ஆளை மிரட்ட மிராசுதாருக்கு வழியில்லாமல் போகும்.

இரண்டாவது ஈ.எஸ்.ஐ. கண்ட்ராக்ட் தொழிலாளிக்குச் சந்தா பிடிக்கிறார்களா, பிடித்தால் கட்டுகிறார்களா, நம்பர் அவன் கையில் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். நம்பர் கையில் இல்லாதவனுக்கு ஆஸ்பத்திரி கதவு திறக்காது. அவன் சூலூர்பேட்டைக்காரனா பொன்னேரிக்காரனா என்று கேட்டுக்கொண்டிருக்க இதில் நேரமில்லை.

மூன்றாவது, மொழி. முன்னே சொன்ன வித்தியாசங்களில் உயிரைத் தொடுவது இதுதான். உலைக்கு அருகில் "சூடான உலோகம், தண்ணீர் படக்கூடாது" என்று இங்கிலீஷில் பலகை மாட்டியிருக்கிறார்கள். கீழே சில இடங்களில் தமிழும் இருக்கிறது. தெலுங்கு மாத்திரம் தெரிந்தவனும் ஹிந்தியோ ஒடியாவோ மாத்திரம் தெரிந்தவனும் அந்தப் பலகைக்குக் கீழேதான் நிற்கிறார்கள். ஸ்ரீசிட்டியில் தமிழ்த் தொழிலாளிக்கும் இதே நிலைதான். உருகிய இரும்பு யார் மேல் தெறித்தாலும் சுடும். பக்கத்தில் நிற்பவன் "தள்ளு" என்று கத்துவது புரியாவிட்டால் அடிபடுவது இருவரும். எந்த ஆலையில் எத்தனை மொழிக்காரர் வேலை செய்கிறார்களோ அத்தனை மொழியிலும் அபாய அறிவிப்பு, அத்தனை மொழியிலும் பாதுகாப்பு வகுப்பு, அத்தனை மொழியிலும் சம்பளச் சீட்டு என்று ஒவ்வொரு சங்கமும் தன் கோரிக்கை மனுவில் எழுத வேண்டும். தமிழ்த் தொழிலாளியே முன்னின்று தெலுங்குப் பலகை கேட்க வேண்டும். அங்கே தெலுங்குத் தொழிலாளி தமிழ்ப் பலகை கேட்க வேண்டும்.

பலகை மாட்ட நிர்வாகத்துக்குச் செலவு சொற்பம். மறுத்தால் ஏன் மறுக்கிறார்கள் என்பதைத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு எழுத்து மூலம் கேட்டு அனுப்பி, அந்த நகலைக் கேட்டில் ஒட்ட வேண்டும், இரண்டு எழுத்திலும்.